பிழை திருத்தப்பட்ட மூங்கில்காரன்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் நேருக்கு நேர் அடித்துக்கொள்வதில்லை. கோபம் வந்தால் போனை எடுத்து, அதற்குள் நிற்கிற எவனையாவது அடிக்கிறார்கள். பஸ்ஸில் அடிக்கிறார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் அடிக்கிறார்கள், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் அடிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கிழவன் நிற்கிறானே, கொஞ்சம் நகர்ந்து உட்காரலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றாது. நகர்ந்தால் குறி தப்பிவிடுமாம்.

டைல்ஸ்காரருக்கு இதெல்லாம் ஆகாது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டில் மண்டிபோட்டு, அடுத்தவர் நடக்கத் தரை போட்டவர். முட்டி இரண்டும் போயாயிற்று. உட்கார்ந்தால் எழுந்திருப்பதே அவருக்குத் தனி வேலை. எழும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும்: "ஏம்ம்ம்மா… அட போங்கடா!" யாரைப் போகச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது. முட்டிகளையா, கற்களையா, பக்கத்தில் நின்று "இந்தக் கல் கொஞ்சம் கோணலா இருக்கே" என்று சொல்லும் வீட்டுக்காரர்களையா என்று யாரும் கேட்டதுமில்லை.

அன்றைக்குச் சலூனில் தன் முறைக்காகக் காத்திருந்தார். சலூன்காரர் வேறொருவர் தலைக்குச் சாயம் தடவிவிட்டு, அது காய்கிறவரை போனில் எவனையோ போட்டு மொத்திக்கொண்டிருந்தார். திடீரென்று போனுக்குள்ளிருந்து வந்தது:

"ஏம்ம்ம்மா… அட போங்கடா!"

டைல்ஸ்காரர் திடுக்கிட்டுத் தன் முட்டியைப் பார்த்தார். அவர் எழவில்லை. உட்கார்ந்துதான் இருந்தார்.

"யாருய்யா அது?"

"இவனா? மூங்கில்காரன் ஐயா. கேம்ல ஒரு எதிரி. கோட்டை வாசல்ல ரெண்டு பேரா நிப்பானுங்க. செத்தா இப்படித்தான் கத்துவானுங்க. உலகம் பூரா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. பாஷை தெரியாதவன்கூட 'போங்கடா'ங்கறான்."

"இன்னொரு தடவை கொல்லு."

சலூன்காரர் கொன்றார். சத்தம் டைல்ஸ்காரருடையது, ஆனால் குரல் அவருடையது இல்லை. அவரைப் போலவே கத்தி அவரைச் சீண்டுகிற குரல் அது. சாப்பிட்டுவிட்டு அவர் தரையில் கையூன்றி எழும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவன் மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவருடைய மகன்.

மகன் செத்துப்போய் மாதங்கள் ஆகிவிட்டன.

அவனுக்கு வேலை எதிரிகளைச் செய்வது. கேம் கம்பெனி ஒன்றில் மற்றவர்கள் மலை செய்வார்கள், ஆறு செய்வார்கள், கதாநாயகனுக்குத் தொப்பி செய்வார்கள். இவன் எதிரி செய்வான். சொந்தக்காரர்கள், "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், "எதிரி செய்யறான்" என்பார் டைல்ஸ்காரர். "நம்ம குடும்பத்துல எல்லாரும் சும்மாவே செய்யறதுதானே, அதுக்குச் சம்பளம் வேறயா?" என்று கேட்டவர்கள் உண்டு.

மூங்கில்காரனைப் பற்றி மகன் ஒருநாள் சொல்லியிருக்கிறான். ஜப்பான் தேசத்தில் புத்தாண்டு வந்தால் வாசலின் இரண்டு பக்கமும் ஓர் அலங்காரம் வைப்பார்களாம். மூன்று மூங்கில்களை நுனியில் சாய்வாகச் சீவி, சுற்றிலும் பைன் மரக் கிளை சொருகி, அடியில் வைக்கோல் பாய் சுற்றிக் கயிறு கட்டி நிறுத்துவது. கடோமட்சு என்று பேர். புது வருஷத்தோடு வருகிற தெய்வம் வழி தெரிந்து வந்து அதில் தங்கிவிட்டுப் போகுமாம். சீவிய இடம் பார்ப்பதற்குச் சிரிக்கிற வாய் மாதிரி இருக்கும் என்றான். "அந்த மூணையும் நிஜமாவே வாயாக்கிட்டேன்பா. வாசல் தாண்டறவன் மேல பைன் ஊசியாத் துப்பும்." 

"ஒரு வாய்க்குச் சம்பாதிக்கறதே பெரும்பாடு. இதுல மூணா?" என்றார் இவர். அவர்கள் நெடுநேரம் பேசிக்கொண்ட பேச்சென்றால் அதுதான்.

கேம் வெளியாவதற்கு முந்தைய வாரங்களில் அவன் வீட்டுக்கு வருவதே குறைந்தது. வெளியாவதற்கு முதல்நாள் விடியற்காலையில் வண்டியில் வரும்போது தூங்கிப்போனான். பாலத்துச் சுவர் தூங்கவில்லை. அவன் போனும் அவனோடு நொறுங்கியது. வீட்டில் அவன் படங்கள் இருக்கின்றன, சட்டைகள் இருக்கின்றன, குரல் மட்டும் ஒரு சொல்கூட இல்லை. கம்பெனியிலிருந்து ஒரு பெரிய பூ வளையம் வந்தது. அதன் மேல், "உங்கள் பங்களிப்பு தொடர்கிறது" என்று எழுதியிருந்தது. அது எவ்வளவு உண்மை என்று சலூனில்தான் அவருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் சலூனுக்குப் போனார். "ஐயாவுக்கு மட்டும் தாடி ஒரே ராத்திரில முளைக்குது" என்று சலூன்காரர் முதலில் கிண்டல் பண்ணினார். விஷயம் தெரிந்ததும் கிண்டலை நிறுத்திவிட்டு, கேட்காமலேயே போனை எடுத்தார். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. மூங்கில்காரன் சும்மா பேசமாட்டான். அடித்து வீழ்த்தினால்தான் வாயைத் திறப்பான். மகன் குரலைக் கேட்க வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் அவனைக் கொல்ல வேண்டும். டைல்ஸ்காரர் கண்ணை மூடிக்கொள்வார். வைக்கோல் அவிழ்கிற சத்தம், மூங்கில் சிதறுகிற சத்தம், அப்புறம் மகன்.

ஒருநாள் சலூன்காரர் தலையைச் சொறிந்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்காக இந்த வாசலைத் தாண்டாமலே நிக்கறேன். என் மச்சான் கோட்டைக்குள்ள புகுந்து ராஜாவையே புடிச்சுட்டான். வீட்ல மானம் போகுது."

வீட்டில் மகளிடம் சொன்னார். மகள் துணி மடித்துக்கொண்டே, "அந்தக் கம்பெனில போய்க் கேளுங்கப்பா. ஒரு சத்தம்தானே. உங்க போன்ல போட்டுக் குடுத்துடப் போறாங்க" என்றாள்.

"அவனுங்க உன் தம்பியையே முழுசாத் திருப்பித் தரல. சத்தத்தைத் தருவானுங்களா?"

"கேட்டாத்தானே தெரியும்? யாரையுமே நம்பாம எப்படிப்பா?"

யாரையும் நம்பாமல்தான் அவர் இவ்வளவு காலம் ஓட்டியிருந்தார். நன்றாகவே ஓடியது. அன்றைக்கு என்னவோ மகள் பேச்சைக் கேட்டார்.

கம்பெனி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் ஒரு பலகையில் என்னென்னவோ எழுத்து ஓடியது. "விரலை வைங்க ஐயா" என்றான் காவலாளி. "எதுக்கு?" "எல்லாத்துக்கும் சம்மதம்னு." "எல்லாத்துக்கும்னா?" "அதெல்லாம் யாரும் படிக்கறதில்லீங்க. வெச்சாத்தான் கதவு திறக்கும்." வைத்தார். கதவு திறந்தது.

அவரை வரவேற்றது ஊழியர் மகிழ்ச்சி அதிகாரி. சின்ன வயதுப் பெண். மகிழ்ச்சிக்கென்று தனி அதிகாரி வைத்திருக்கிற இடத்தில் அது எவ்வளவு இருக்கும் என்பது டைல்ஸ்காரருக்கு உடனே விளங்கிவிட்டது.

"வாங்கப்பா! உக்காருங்கப்பா!"

"நான் உனக்கு அப்பா இல்லம்மா."

"இங்க எல்லாரும் ஒரே குடும்பம்ப்பா. உங்க பையனும் எங்க குடும்பம்தான்."

"அப்படின்னா அவனை எடுத்த அன்னிக்கு ஏன் ஒருத்தரும் வரல?"

"அன்னிக்கு கேம் வெளியீடுப்பா. ஆனா மனசால எல்லாருமே வந்தோம். அதுக்குன்னே ரெண்டு நிமிஷம் ஒதுக்கினோம். அப்புறம் சர்வர் படுத்துடுச்சு, அதனால ஒரு நிமிஷத்தோட முடிச்சுக்க வேண்டியதாப் போச்சு."

சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. அது பொய்யில்லை. அவளுக்கு எதற்கும் கலங்கும். அதற்காகத்தான் வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

டைல்ஸ்காரர் வந்த காரியத்தைச் சொன்னார். மூங்கில்காரன் சாகும்போது போடுகிற சத்தம் தன் மகன் குரல்; தரை போட்டுத் தேய்ந்த முட்டியோடு தான் எழும்போது கத்துவதை அவன் கேலி பண்ணியது. அதை இந்தப் பட்டன் போனில் ஏற்றிக் கொடுத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

மகிழ்ச்சி அதிகாரியின் முகம் மாறியது. "அது குரல் கலைஞர் பேசினதாச்சே?" என்று யாரையோ கூப்பிட்டாள். பிழை அதிகாரி வந்தார். கேமில் எங்கே என்ன தப்பு இருக்கிறதென்று தேடிப் பிடிப்பது அவர் வேலை. தன் மடிக்கணினியைத் திறந்து தட்டினார், மறுபடி தட்டினார், பிறகு எழுந்து நின்றார்.

"தற்காலிகச் சத்தம்!" என்றார்.

விஷயம் இதுதான். அங்கே வேலை நடக்கிற விதமே அப்படி. எதிரியைச் செய்கிறவன், குரல் கலைஞர் வந்து பேசும்வரை இடம் காலியாக இருக்கக் கூடாது என்று தானே ஏதாவது கத்தி உள்ளே போட்டுவைப்பான். நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. பிறகு நிஜக் குரல் வந்ததும் துண்டை எடுத்துவிடுவான். மூங்கில்காரனுக்கு நிஜக் குரல் வந்துவிட்டிருந்தது. துண்டை எடுக்க வேண்டியவன்தான் பாலத்திலேயே நின்றுவிட்டான்.

பிழை அதிகாரி சுவரோரம் போய் ஒரு மணியை அடித்தார். சுற்றிலும் கணினிக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். ஒருத்தி ஓடிவந்து டைல்ஸ்காரர் தலையில் ஒரு தொப்பியை வைத்தாள்.

"எதுக்குத் தம்பி கை தட்டறாங்க?"

"நீங்க ஒரு பிழை கண்டுபிடிச்சிருக்கீங்க சார்! யார் பிழை கண்டுபிடிச்சாலும் மணி அடிச்சுப் பாராட்டறது எங்க வழக்கம். உலகத்துல இத்தனை பேர் விளையாடியும் ஒருத்தர் கண்டுபிடிக்கல. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க."

"என்ன பிழை?"

"உங்க பையன்தான் சார்."

டைல்ஸ்காரர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்தச் சத்தத்தைப் போனில் ஏற்றித் தரச் சொல்லி மறுபடி கேட்டார்.

"அது முடியாது சார். கேமுக்குள்ள இருக்கறவரைக்கும் அது கம்பெனிச் சொத்து. வெளியே குடுக்கக் கூடாது."

"அப்ப கேமைவிட்டு எடுத்ததுக்கு அப்புறம் குடுங்க."

"எடுத்ததுக்கு அப்புறம் அது இருக்காதே சார்! பிழையை நாங்க சேத்து வைக்கறதில்ல. அடியோட அழிச்சுடுவோம். சுத்தம்ங்கறது எங்க உயிர்."

"எடுக்காம அப்படியே விட்டுட்டா என்ன? யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாரும் சிரிக்கறாங்கதானே?"

பிழை அதிகாரி அவரைப் பரிவோடு பார்த்தார். "சார், தெரியாத பிழையோட நாங்க வருஷக்கணக்கா வாழுவோம். தெரிஞ்ச பிழையோட ஒரு நாள்கூட வாழமுடியாது. நீங்க சொல்லாம இருந்திருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். வீடு வந்து சேர்கிறவரை டைல்ஸ்காரருக்கு அது மட்டும்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, கையூன்றி எழுந்து, பழக்கத்தில் ஒரு கணம் முதுகுக்குப் பின்னால் காது கொடுத்தார்.

அடுத்த வாரம் மகிழ்ச்சி அதிகாரி போன் பண்ணினாள். "அப்பா, உங்க வருத்தத்தை மேல சொன்னேன். எல்லாரும் ரொம்ப உருகிட்டாங்க. வழக்கமா பிழைக்கு நாங்க சின்னதாத்தான் பிரிவுக் கூட்டம் வைப்போம். உங்க பையனுக்குப் பெருசா வைக்கறோம். நீங்க கண்டிப்பா வரணும். எடுக்கறதா வேண்டாமான்னு அங்கதான் கடைசி முடிவு."

எடுக்கறதா வேண்டாமா என்று அவள் சொன்ன அந்த ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி போனார். வாசலில் மறுபடி விரல் வைத்தார்.

கூட்ட அறையில் நாற்காலியே இல்லை. தரையெங்கும் பஞ்சு அடைத்த பெரிய மூட்டைகள் கிடந்தன. அதில் உட்கார்ந்தால் எல்லாரும் சமம் என்று தோன்றுமாம். டைல்ஸ்காரர் உட்கார்ந்ததும் மூட்டை அவரை இடுப்புவரை விழுங்கியது. நடுவில் ஒரு மேஜை. அதன்மேல் மூங்கில்காரன் படம், முன்னால் பூக்கள், ஒரு மெழுகுவத்தி. அங்கே மகன் படத்தைத் தேடினார். அது இல்லை.

"பையன் படம் வைக்கலாம்னுதான் பாத்தோம்ப்பா" என்றாள் மகிழ்ச்சி அதிகாரி தணிந்த குரலில். "அடையாள அட்டைல இருந்தது ரொம்பச் சின்னப் படம். பெருசாக்கினா முகம் கலைஞ்சு போச்சு."

பேசுவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. மூங்கில்காரன் மாதிரி தைத்த பஞ்சுப் பொம்மை ஒன்று கைமாறிக்கொண்டே வரும். அதை யார் வைத்திருக்கிறாரோ அவர்தான் பேசலாம். முதலில் அது மரபுத் தூய்மை அதிகாரியிடம் போனது. கேமில் வருகிற வெளிதேசத்து விஷயம் ஒவ்வொன்றும் அச்சு அசலாக இருக்கிறதா என்று பார்க்கிறவர். நரைத்த தலை, கழுத்தில் துணி சுற்றியிருந்தார்.

"நான் ஜப்பானுக்குப் போனதில்லை" என்று ஆரம்பித்தார். "போகணும்னு நினைச்சதும் இல்லை. தூரத்துல இருந்து மதிக்கறதுதான் உண்மையான மதிப்பு. இந்த மூங்கிலோட நுனி எவ்வளவு சாய்வா இருக்கணும்னு முடிவு பண்ண நான் ஒரு மழைக்காலம் முழுக்க எடுத்துக்கிட்டேன். உங்க பையன் வரைஞ்சு குடுத்ததைத் திருப்பித் திருப்பி அனுப்பினேன். ராத்திரி பகலா மாத்திக்கிட்டே இருந்தார், பாவம். கடைசில முதல்ல வரைஞ்சதுதான் சரின்னு எனக்குத் தோணுச்சு. வருஷக் கடைசில இருபத்தொன்பதாம் தேதி அவங்க இந்த அலங்காரத்தை வைக்கமாட்டாங்க. அந்த எண்ணுல துன்பம் இருக்குன்னு நம்பிக்கை. அதனால அன்னிக்கு நம்ம கேம்ல இந்த எதிரி லீவு. உலகத்துல வேற எந்தக் கம்பெனி ஒரு எதிரிக்கு லீவு குடுத்திருக்கு?"

"எதிரிக்காவது குடுத்தீங்களே" என்றார் டைல்ஸ்காரர்.

"பொம்மை உங்க கைல இல்லப்பா" என்று மகிழ்ச்சி அதிகாரி மெதுவாக நினைவூட்டினாள்.

"பண்டிகை முடிஞ்சதும் அதை எரிக்கும்போதுகூட மரியாதையோடதான் எரிப்பாங்க" என்று தொடர்ந்தார் மரபு அதிகாரி. "அப்படிப்பட்ட ஒண்ணு சாகும்போது வர்ற சத்தத்தைப் பத்தி, 'பழைய மூங்கில் காட்டுல காத்து புகுந்து வர்ற ஏக்கம்'னு நானே பாராட்டிச் சொன்னேன். பரிசுகூட வாங்கினேன். இப்பப் பாத்தா அது யாரோ தரை போடறவர் முட்டி வலில கத்தறதாம். அதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமில்லை. தூய்மைக்கு நடுவுல ஒரு முட்டி!"

எல்லாரும் தலையைக் குனிந்து துக்கம் அனுசரித்தார்கள். பொம்மை பிழை அதிகாரியிடம் போனது. "இதுல யார்மேலயும் குத்தம் இல்ல" என்றார் அவர். "இறந்துபோனவர் முன்கூட்டியே சொல்லியிருந்தா அவர் வேலையை வேற ஒருத்தருக்கு மாத்தியிருப்போம்."

கடைசியாகப் பொம்மை டைல்ஸ்காரர் மடிக்கு வந்தது. மூன்று வாயும் திறந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. எதிரில் இருப்பவர்களைப் பார்த்துப் பேச அவருக்கு வரவில்லை. பொம்மையைப் பார்த்தே பேசினார்.

"எனக்குப் படிப்பெல்லாம் கிடையாது. தூய்மை கீய்மை தெரியாது. என் வீட்ல அவன் குரல் இல்ல. உங்ககிட்டதான் இருக்கு. எனக்குத் தரவேண்டாம், விடுங்க. அது இருக்கற எடத்துலயே இருக்கட்டும். நான் சலூன்ல போய்க் கேட்டுக்கறேன். அவ்வளவுதான்."

மகிழ்ச்சி அதிகாரி மூக்கை உறிஞ்சினாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி இங்கே என்ன என்று டைல்ஸ்காரர் எழப் பார்த்தார். மூட்டை விடவில்லை. ஒரு பக்கம் ஊன்றினால் மறுபக்கம் அமுங்கியது. பொம்மையைத் தரையில் வைத்து, இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து, மூச்சைக் கட்டி எழுந்தார்.

"ஏம்ம்ம்மா… அட போங்கடா!"

மரபுத் தூய்மை அதிகாரி தன் மூட்டையிலிருந்து துள்ளி எழுந்தார். அவருக்கு நல்ல முட்டி.

"இது! இதுதான் அசல்! அப்படின்னா கேம்ல இருக்கறது நகல். நகலை எடுத்துட்டு அசலை வைக்கறது திருத்தம் இல்லை, தூய்மை! முட்டியா இருந்தா என்ன, அசல் முட்டி!"

"தற்காலிகச் சத்தமும் போயிடும்" என்றார் பிழை அதிகாரி. "விளையாடறவங்களுக்கும் வித்தியாசம் தெரியாது."

"அப்பாவே பையனுக்காகப் பேசறார்!" என்று மகிழ்ச்சி அதிகாரி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "இதைவிட என்ன அஞ்சலி வேணும்?"

மூவரும் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள். அவர்கள் எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் என்று டைல்ஸ்காரருக்குப் புரிவதற்குள் அவரை ஏற்றிக்கொண்டு லிஃப்ட் கீழே இறங்கிவிட்டது.

ஒலிப்பதிவு அறையில் சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தியதும் காது அடைத்தது. அவரை மைக்குக்கு முன்னால் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிழை அதிகாரி உட்கார்ந்தார்.

"சார், மொதல்ல பழசைப் போடறேன். கேட்டுக்கிட்டு அதே மாதிரி பண்ணுங்க. கடைசில ஒரு இரைச்சல் வரும், அதைக் கண்டுக்காதீங்க. கேம்ல அது கேக்காது, மூங்கில் விழற சத்தத்துல அமுங்கிடும்."

போட்டார்.

சலூன்காரர் போனில் கேட்டதெல்லாம் குடத்துக்குள் கேட்டது மாதிரி. இங்கே அவன் பக்கத்தில், காதோடு காதாக இருந்தான். மூச்சை இழுப்பது கேட்டது. "ஏம்ம்ம்மா… அட போங்கடா!" அது முடிந்த இடத்தில், அந்த இரைச்சல். அடக்கப் பார்த்து, அடங்காமல் மூக்கு வழியாகப் பிய்த்துக்கொண்டு வந்த சிரிப்பு. தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே, அப்போது அடக்கிக்கொள்கிற அதே சிரிப்பு. அவர் திரும்பிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தெரியாமல் போனது இதுதான். பாதிச் சிரிப்பில் அறுந்தது.

"இன்னொரு தடவை போடு தம்பி."

போட்டார்.

"இன்னொரு தடவை."

"நல்லா உள்வாங்கறார்" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னார்கள். மறுபடி போட்டார்கள். மறுபடி. டைல்ஸ்காரர் கண்ணை மூடவில்லை. இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. மூங்கில் சிதறவில்லை. அவன் பாட்டுக்குக் கத்தினான், சிரித்தான், கத்தினான், சிரித்தான். அந்த அறையிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்ள இடம் கொடுத்தால் இருந்துவிடலாம் போலிருந்தது.

"போதும் சார். இப்ப நீங்க."

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. டைல்ஸ்காரர் வாயைத் திறக்கவில்லை.

"சார்?"

"நான் பேசினா அவனை எடுத்துடுவீங்க."

"பேசலைன்னாலும் எடுத்துடுவோம் சார். குரல் கலைஞர் பேசினது ரெடியா இருக்கு. நீங்க பேசினா அந்த எடத்துல உங்க குடும்பம் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்ப எடுக்கறவன் நீயா இரு. என் வாயால வேண்டாம்."

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்து, கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்திருந்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணில் நீர் வந்தது. வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

வாசல்வரை மகிழ்ச்சி அதிகாரி கூடவே வந்தாள். "கோவப்படாதீங்கப்பா. எப்படியும் நல்லது நடக்கும். எங்களை நம்புங்க."

"ஒரு தடவை நம்பினேம்மா" என்றார்.

அவர்கள் சொன்னபடி நல்லதையே செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து அவளே போன் பண்ணினாள். "வாழ்த்துகள்ப்பா! உங்க குரலே வந்துடுச்சு!"

"நான்தான் பேசவே இல்லையே?"

"கூட்ட அறைல நடக்கறதெல்லாம் பதிவாகும்ப்பா. அன்னிக்கு எழுந்தீங்களே, அதை வெட்டி எடுத்துக்கிட்டோம். ரொம்பச் சுத்தமா வந்திருக்கு. நீங்கதான் வாசல்லயே விரல் வெச்சுட்டீங்களே, அதனால ஒரு சிக்கலும் இல்ல. மரபு சார் அதைக் கேட்டு அழுதுட்டார்."

அவர் போனை அமர்த்தினார். அன்றைக்கும் அதற்கு மறுநாளும் சலூன் பக்கம் போகவில்லை. தாடி அரித்தது. மூன்றாம் நாள் போனார்.

சலூன்காரர் அவரைப் பார்த்ததும் நாற்காலியைத் தட்டிப் போட்டார். முகத்தில் நுரை தடவி, ஒரு கன்னம் வழித்து முடிக்கிறவரை பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. கத்தியை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"சொல்லவே இல்லையே ஐயா! இப்ப நீங்களே உள்ள இருக்கீங்க! 'அசல் குரலுடன்'னு பெருசாப் போட்டிருக்கான். உங்களுக்காக மறுபடி வாசலுக்கே வந்துட்டேன் பாருங்க."

அடித்தார். வைக்கோல் அவிழ்ந்தது, மூங்கில் சிதறியது.

"ஏம்ம்ம்மா… அட போங்கடா!"

சத்தம் கணீரென்று இருந்தது. முடிந்த இடத்தில் சுத்தமாக முடிந்தது. டைல்ஸ்காரர் கண்ணாடியில் தெரிந்த கிழவனைப் பார்த்துக்கொண்டு, இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"எப்படி?"

"இது அவன் இல்ல."

"அதேதான் ஐயா! எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல." பெஞ்சில் காத்திருந்தவர்களைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, பழைய மாதிரியே இல்ல?" என்றார். அவர்களும் தலை நிமிராமல், அதேதான், அச்சு அசல், முன்னைவிடத் தெளிவு என்றார்கள்.

"இன்னொரு தடவை கேளுங்க ஐயா. காது பழகிடும்."

"பழக வேண்டாம்."

துண்டை உருவிப் போட்டுவிட்டு நாற்காலியைவிட்டு இறங்கினார்.

"ஐயா, பாதிதான் ஆயிருக்கு! இந்தப் பக்கம் நுரை அப்படியே இருக்கு!"

"இருக்கட்டும்."

"அதே குரல்தான் ஐயா, நம்புங்க! வேணும்னா இதோ…"

அவர் வெயிலில் இறங்கி நடந்தார். பின்னால் போனுக்குள் அவரே அடி வாங்கிக் கத்தினார், சலூன்காரர் மறுபடி அடித்தார், மறுபடி கத்தினார். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு யாருடையதோ. ஒரு கன்னம் வழித்தும் ஒரு கன்னம் நுரையுமாகப் போகிற கிழவனைத் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "அவன் இல்ல" என்று அவர்களிடமும் சொன்னார். யாருக்கும் புரியவில்லை. நடந்துகொண்டே இருந்தார்.